பேச்சு நிற்கும் இடம்

குளத்தங்கரையில் வாழ்ந்த ஒரு பெண் வாத்துக்கு, வெகுநாள் அடைகாத்ததில் கால்கள் பிடித்துக்கொண்டன. நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்கியது. "தினமும் கரையோரமா நடக்கணும்மா. விட்டுட்டா அப்புறம் எழுந்திருக்கவே முடியாது" என்றார் வைத்தியர் ஆமை.

துணைக்குக் கிளம்பிய ஆண் வாத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போனது. "இப்படி ஊர்ந்தா வைத்தியரே நம்மள முந்திடுவாரு. சீக்கிரம் வா" என்று அங்கிருந்து கூப்பிட்டது.

சில நாளிலேயே பெண் வாத்து கூட்டை விட்டு எழுவதை நிறுத்திவிட்டது. "நீங்க போயிட்டு வாங்க. என்னால உங்க நடையும் கெடுது."

ஆண் வாத்து தனியாகப் போனது. கரை வளைவில் ஈரப்புல்லில் நிறைய நத்தைகள் இருந்தன. "இங்க பாரேன்" என்று திரும்பியது. பின்னால் யாரும் இல்லை. ஒரு நத்தையையும் தொடாமல் கூட்டுக்குத் திரும்பியது.

"எழுந்திரு. பக்கத்துக் கூட்டு மருமக கதையப் பாதியில விட்டியே, அதச் சொல்லிக்கிட்டே வா. நான் பின்னால வரேன்."

"பின்னாலயா? நீங்களா?"

பெண் வாத்து சொல்லிக்கொண்டே நடந்தது. மூச்சு வாங்கிப் பேச்சு நிற்கும்போதெல்லாம் ஆண் வாத்தும் நின்று, தண்ணீரை வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது. பேச்சு தொடங்கியதும் மெல்ல நடந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் ஆமை எதிரே வந்து, "கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். பெண் வாத்து கதையை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனது.

"நீங்களாவது சொல்லுங்க" என்றார் ஆமை.

"கரை முழுக்கப் பேசிக்கிட்டே வரா வைத்தியரே. நான் ஒரு வார்த்தை பேச இடமில்ல" என்று சொல்லிவிட்டு, மீதிக் கதையைக் கேட்க ஆண் வாத்து பின்னாலேயே ஓடியது.