வெர்னன் போட்ட வரிசை

“யோவ் வெர்னன், அந்த ரிமோட்டைக் கீழே வை. இன்னிக்குக் கோர்ட்டு வேண்டாம்.”

நாற்காலியில் சாய்வதற்கு முன்பே லோரீன் சண்டையைத் தொடங்கிவிட்டாள்.

கிளீவ்லாந்தில் இருக்கும் அந்த டயாலிசிஸ் சென்டரில், ஜன்னலோர மூலையில் மூன்று நாற்காலிகள். திங்கள், புதன், வெள்ளி. கையில் ஊசி ஏற்றி, ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்ப நாலு மணி நேரம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே டிவி. யார் முதலில் வந்தாரோ அவர் கையில் ரிமோட். முப்பது வருஷம் சிட்டி பஸ் ஓட்டிய வெர்னனை முந்திக்கொண்டு யார் வர முடியும்?

“வரிசைப்படிதான்” என்றான் அவன். “வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஷெரீஃப், ஒன்பது மணிக்குக் கோர்ட்டு. அந்தக் காலத்துல அப்படித்தான் வந்துச்சு. நாமளும் அப்படித்தான் பார்க்கணும்.”

விஷயம் இதுதான். ‘பெர்ச் கவுண்டி’ என்று ஒரு பழைய தொடர். அதில் ஷெரீஃப் திருடனைப் பிடிப்பார். அது சக்கைப்போடு போட்டதும், அதிலிருந்தே ‘பெர்ச் கோர்ட்டு’ என்று ஒரு கிளையை இழுத்துவிட்டார்கள். அங்கே பிடித்தவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வெர்னன் ஒரு பட்டியல் எழுதி, டிவிக்குக் கீழே ஒட்டிவிட்டான்.

“ஷெரீஃப் பெண்டாட்டியைக் கொன்னது யாருன்னு தெரிஞ்சா போதும்யா எனக்கு. இன்னும் முப்பது எபிசோட். அதை மட்டும் பார்த்தா ரெண்டு வாரம். உன் கோர்ட்டையும் சேர்த்தா நாலு வாரம். நான் மூணாவது வாரம் அரிசோனாவுக்குப் போறேன், மக வீட்டுக்கு.”

“அங்கேயும் டிவி இருக்கும்.”

“மருமகன் இருபத்துநாலு மணி நேரமும் கோல்ஃப் பார்க்கிறவன். கோர்ட்டு வந்தா நீயே குறட்டை விடறே. உனக்கு எதுக்கு அது?”

“நான் கண்ணை மூடிக் கேட்கறேன்.”

“அப்ப கோர்ட்டுலேருந்து இன்னொரு கிளை இழுத்தாங்களே, அந்த ஜெயில் தொடரையும் சேர்த்துக்கோயேன். எடுத்தவனே பார்க்காத தொடர்.”

“அதைப் பார்க்கறதுக்கு நேரா ஜெயிலுக்கே போயிடலாம்” என்றான் வெர்னன்.

ஊசி குத்திக்கொண்டிருந்த நர்ஸ் டமீகா சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள்.

லோரீன் மூன்றாவது நாற்காலிப் பக்கம் திரும்பினாள். “ஹேரியட் அக்கா, நீங்க சொல்லுங்க. ரெண்டு ஓட்டு விழுந்தா இவன் வாயை அடைச்சிடலாம்.”

ஹேரியட்டுக்கு எண்பது வயது. தபால் ஆபீசில் வேலை பார்த்தவள். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, “எனக்கு எதுவானாலும் சரிம்மா” என்றாள்.

கோர்ட்டு ஓடியது. வெர்னன் குறட்டை விட்டான். பிடிவாதம் பிடித்த கிழம், சாகிற வயசிலும் பஸ் டைம் பார்க்கிறது என்று லோரீன் வயிறெரிந்தாள்.

புதன்கிழமை வெர்னன் வரவில்லை. ஊசி ஏற்றும் கையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம், பெரிய ஆஸ்பத்திரியில் சரி பண்ணுகிறார்கள், வெள்ளிக்கிழமை வந்துவிடுவான் என்றாள் டமீகா.

ஐயோ பாவம் என்று ஒரு நிமிஷம் பரிதாபப்பட்டுவிட்டு, லோரீன் ரிமோட்டை எடுத்துக்கொண்டாள்.

“அக்கா, இனிமே ஷெரீஃப் மட்டும்தான். இன்னிக்கே அஞ்சு எபிசோட் தள்ளிடலாம். அவன் வந்து குதிச்சாலும் விடறதில்லை.”

“அப்ப ரெண்டு வாரத்துல முடிஞ்சிடுமா?”

“ஜோரா முடிஞ்சிடும்.”

ஹேரியட் விரல் விட்டு எண்ணினாள். முகத்தில் ஒரு நிம்மதி. “நல்லதாப் போச்சு. டாக்டர்கிட்ட அந்தத் தேதியைச் சொல்லிடறேன்.”

“என்ன தேதி?”

“இங்க வர்றதை நிறுத்திக்கிற தேதிதான். குத்திக் குத்திக் கையும் அலுத்துப்போச்சு, மனசும் அலுத்துப்போச்சு. இந்தத் தொடர் முடியறவரைக்கும்தான் வருவேன்னு சொல்லிட்டேன். வியாழக்கிழமை ஆனா நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து பார்ப்போம். முடிவு தெரியாமலே போயிட்டார் மனுஷன். போய் அவர்கிட்ட யாருன்னு சொல்லணும்ல?”

அந்த நாற்காலிக்கு வருவதை நிறுத்தினால் ஆள் எத்தனை நாள் தாங்கும் என்று அங்கே உட்கார்ந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

லோரீன் ரிமோட்டைத் தாழ்த்தினாள். “வேற யாருக்குத் தெரியும் இது?”

“கோடையிலேயே வெர்னன்கிட்ட மட்டும் சொன்னேன். மறுநாளே இந்தப் பட்டியலைத் தூக்கிக்கிட்டு வந்துட்டார். நேரா ஷெரீஃபை மட்டும் பார்த்திருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும். என்ன செய்ய, ஒழுங்கு தவறாத மனுஷன்.”

லோரீன் டிவிக்குக் கீழே ஒட்டியிருந்த காகிதத்தையே பார்த்தாள். கோணல் மாணலான எழுத்து. ஒவ்வொரு ஷெரீஃபுக்குப் பின்னாலும் ஒரு கோர்ட்டு.

ரிமோட்டை அழுத்தினாள்.

“என்னம்மா, கோர்ட்டு ஓடுது? வேண்டாம்னியே?”

“வரிசைன்னா வரிசைதான்க்கா. கோர்ட்டு பார்க்காம முடிவைப் பார்த்தா தலையும் புரியாது, வாலும் புரியாது.”

பிறகு டமீகாவைக் கூப்பிட்டு, அந்தப் பட்டியலைப் பிய்த்து எடுத்துத் தரச் சொன்னாள். ஊசி இல்லாத கையால் பேனாவைப் பிடித்து, கடைசி ஷெரீஃபுக்கு மேலே இடுக்கில் எழுதினாள்:

‘இதற்கு முன்னால் ஜெயில். ஆறு சீசன். ஒன்றைக்கூட விடக் கூடாது.’