மேனேஜர் திறந்த ஃபைல்

"மறைவா நடக்கிறது எதுவா இருந்தாலும் அது திருட்டுத்தனம்!"

மேஜையில் ஓங்கித் தட்டினார் மேனேஜர். அன்றைக்கு அவருக்கு ஏக குஷி. யாரோ மறைவாக ஏதோ செய்கிறார்கள் என்று ஆறு மாதமாகத் தேடிய ஆள் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டாளே!

மென்பொருளை பேக்கேஜாகக் கட்டி அனுப்புகிற குழு அது. ஆளுக்கு ஒரு பேக்கேஜ்; அதில் எழுதும் பெயரோ தேதியோ தப்பானால் சர்வர் ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடும். கட்டும் வேலையை ஸ்கிரிப்ட் என்கிற ஒரு குட்டி நிரல் செய்யும். அதில் ஒவ்வொரு வேலையும் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதப்பட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஸ்கிரிப்ட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணோ, கமுக்கமாக உள்ளே இன்னொரு ஃபைலை ஓட விட்டிருந்தாள்.

"ஏம்மா, குழுவிலேயே உங்க பேக்கேஜைத்தான் சர்வர் அடிக்கடி திருப்பி அனுப்புது. இந்த அழகுல ஒளிச்சு வேற வைக்கிறீங்களா? இன்னியோட நீங்க வேற குழு!"

"மாத்துங்க சார். அந்த ஃபைலை மட்டும் திறக்காதீங்க."

"குட்டு வெளிப்பட்டுடும்னு பயமா?"

கேட்பாரா மனுஷன்! எல்லாரும் பார்க்க, பெரிய திரையில் திறந்து உரக்க வாசித்தார்.

"'தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால் திருத்தவும். வியாழனை எப்போதும் வெள்ளி என்று எழுதுபவர்...'"

திரைக்கு இன்னும் கிட்டே போனார்.

"'...மேனேஜர்.'"

கொல்லென்று சிரிப்பு.

"லீவு மேல அவ்வளவு ஆசையா சார்!" டெஸ்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மேனேஜர் விடுவாரா? அடுத்த வரிக்குப் போனார். "'பேக்கேஜ் பெயருக்கு நடுவே இடைவெளி விட்டால் எடுத்துவிடவும். விடுபவர், டெஸ்டர்.'"

டெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்தது டிசைனர். அதற்கடுத்தது புதுமாப்பிள்ளை. ஆளுக்கு ஒரு வரி, யாரும் தப்பவில்லை! மேனேஜரே நாற்காலியில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதை ஏம்மா ஒளிச்சு வச்சீங்க?"

"வெளிப்படையா எழுதினா உங்க பேரெல்லாம் வெளியில வருமே சார். பாவமா இருந்தது."

சிரித்து ஓய்ந்தபிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. ஃபைலை மேலும் கீழும் தேடினார்.

"இதில உங்க பேரையே காணோமே?"

"உங்க தப்பையெல்லாம் நான் பார்த்துக்கிட்டேன் சார்," என்றாள் பையை எடுத்துக்கொண்டே. "என் தப்பை நீங்க யாராவது பார்த்துக்குவீங்கன்னு நினைச்சேன்."