பெரணியில் விழுந்த பூண்டு

"பூண்டா போடறீங்க?"

ஹேரிம் போட்ட சத்தத்தில், நான் கழுவிக்கொண்டிருந்த பேரிக்காய் கை நழுவித் தண்ணீரில் விழுந்தது.

அன்று அவள் அம்மாவின் திவசம். சியோலிலிருந்து வந்தவள் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவள் அப்பா, அதாவது என் அண்ணன், மகளுக்கும் பரிந்து பேசமாட்டார், தன் இரண்டாம் தாரத்துக்கும் பேசமாட்டார். கூடத்தில் உட்கார்ந்து வீணாய் இருமிக்கொண்டிருப்பார்.

அந்த இரண்டாம் தாரம் இன்சுக் நிமிரவே இல்லை. நல்லெண்ணெயில் நசுக்கிய பூண்டு ஓரம் சிவந்துகொண்டிருந்தது. வேகவைத்த பெரணிக் கீரைத் தண்டை அதில் அள்ளிப் போட்டாள்.

"அத்தை, நீங்களாவது சொல்லக்கூடாதா? படையல்ல பூண்டு இருந்தா செத்தவங்க வாசப்படி ஏற மாட்டாங்கன்னு இவங்களுக்குத் தெரியாதா?"

"நானே இப்பத்தான்டி பார்க்கறேன்..."

"வேணும்னே பண்றாங்க! வருஷத்துக்கு ஒரு நாள்தான் எங்கம்மா இந்த வீட்டுக்கு வர்றாங்க. அதுவும் பொறுக்கலையா?"

"மெதுவாப் பேசுடி. பக்கத்து வீட்டுக்காரி காதைத் தீட்டிக்கிட்டு இருப்பா."

"இருக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்!"

வாசனை வீடெல்லாம் பரவியது. எனக்கு ஏனோ ஹேரிமின் அம்மா, என் பழைய அண்ணியின் ஞாபகம் வந்துவிட்டது. வசந்த காலத்தில் மலையேறிப் பெரணி பறித்து வந்து முற்றமெல்லாம் காயவைப்பாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஏதோ பாடிக்கொண்டே சமைப்பாள். இந்தச் சமையலறை அப்போது எப்படிக் கலகலவென்று இருக்கும்!

ஹேரிம் விடுவிடுவென்று படையல் அறைக்குப் போனாள். பூண்டு போட்டது எதுவும் அங்கே இருக்கக்கூடாது என்று ஒரே ஆத்திரம். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அண்ணியின் படத்துக்கு முன்னால் வெள்ளை வேர், பச்சைக் கீரை, பழுப்புப் பெரணி என்று மூன்று கறிகளும் ஏற்கெனவே பித்தளைத் தட்டுகளில் இருந்தன. குனிந்து முகர்ந்தேன். பூண்டு வாசனையே இல்லை.

ஹேரிம் திரும்பி வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"அப்போ வாணலியில இருக்கறது யாருக்கு?"

இன்சுக் அடுப்பை அணைத்தாள்.

"நீ திவசத்தன்னிக்கு மட்டும்தான் வர்றே. பூண்டில்லாத படையலைத் தின்னுட்டு, 'எங்கம்மா கை ருசி வரலை'ன்னு தட்டைத் தள்ளி வெச்சுட்டுப் போயிடறே. உன் பெரியம்மா வீட்டைத் தேடிப் போய், அக்கா, அதான் உங்கம்மா, பெரணியை எப்படிச் செய்வாங்கன்னு கேட்டுட்டு வந்தேன். அங்கே இருக்கறது அக்காவுக்கு. இது உனக்கு."