அறுந்துபோன ஃபியூஸ் கம்பி

ஒரு வீட்டில் கரண்ட் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"இருநூற்று முப்பது வோல்ட், பத்து ஆம்பியர். வகுத்தால் தடை இருபத்துமூன்று ஓம். பெருக்கினால் இரண்டாயிரத்து முந்நூறு வாட். தாங்கலாம்" என்றது ஃபியூஸ் கம்பி.

வீட்டுக்காரர் அதே மாதிரி இன்னொரு அடுப்பையும் செருகினார்.

"தடை பாதியாச்சு, கரண்ட் இரட்டிப்பாச்சு. இருபது ஆம்பியர்! விட்டா நீ கருகிடுவே தம்பி" என்று சுவருக்குள் இருந்த வயரிடம் சொல்லிவிட்டு, ஃபியூஸ் கம்பி உருகி அறுந்தது.

"சனியன், சமைக்க விடுதா பாரு!" வீட்டுக்காரர் அதைப் பிடுங்கி எறிந்தார். அந்த இடத்தில் தடிமனான செம்புக் கம்பியை முறுக்கினார். இரண்டு அடுப்பும் எரிந்தன. "இதுதான்யா கம்பி!" என்றார்.

சுவருக்குள் வயர் புகைய ஆரம்பித்தது. "அண்ணே, சூடு தாங்கலே. நீயாவது நிறுத்தக் கூடாதா?"

"நிறுத்தினவன் குப்பையிலே கிடக்கான். பேர் வாங்கினவன் நான்" என்றது செம்புக் கம்பி.