பெயருக்கு முன் இரண்டு புள்ளிகள்

“யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சா போதும், பக்கிரி அண்ணே. பாகான் டாலாம் பொம்பளைங்களுக்கு நான் பதில் சொல்லணும்” என்றார் சிவநேசன், நாற்காலியில் உட்காராமலே.

அவர் எங்கள் பால்குடக் குழுவின் தலைவர்.

தைப்பூசத்தில் குடம் எடுப்பவர்கள் பதிந்துகொள்ளும் இணையப் பக்கத்தை நடத்துவது என் பிள்ளைகள் யுகேந்திரனும் துளசியும். குயின் ஸ்திரீட் துணிக்கடைக்கு மேலே ஒரே அறை, இரண்டு மேசைகள். நான் துறைமுகத்தில் முப்பது வருடம் குமாஸ்தா. பெயர்ப் பட்டியல் என்றால் இன்றும் ஒருமுறை நானே கணினியில் கண் ஓட்டித் திருத்துவேன். மூன்று வருடமாக ஒரு குறை வந்ததில்லை.

இந்த வருடம் பாகான் டாலாம் பகுதியிலிருந்து பதிந்த பதினேழு பெண்களின் பெயர் பட்டியலில் இல்லை.

விரதமிருந்து, மஞ்சள் உடுத்தி, பாலும் கையுமாக வந்து நின்றவர்களை வரிசையை விட்டு ஒதுங்கச் சொன்னார்கள். ஒருத்தி குடத்தைக் கீழே வைக்காமலே அழுதாளாம்.

தவறு என் பிள்ளைகளுடையது என்றால் அடுத்த வருடம் வேலை வேறு கைக்குப் போகும். சிவநேசன் வாசலிலேயே சொல்லிவிட்டார். வேலை போனால் போகட்டும். பக்கிரிசாமி பிள்ளைகள் விரதக்காரர்களைக் கண்கலங்க வைத்தார்கள் என்ற பேச்சு மார்க்கெட் ஸ்திரீட் முழுக்க நடக்குமே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஒரு வாரமாக இருவரையும் திட்டித் தீர்த்திருந்தேன். “தகப்பன் பேரைக் கெடுக்கவா இவ்வளவு படிச்சீங்க?”

இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவர் மேல் ஒருவர் பழி போடவில்லை. அதில் மட்டும் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

துளசி கணினித் திரையைச் சிவநேசன் பக்கம் திருப்பி வைத்தாள்.

நிரலிலோ பட்டியலிலோ யார் கை வைத்தாலும் தேதி, பெயர், ஒரு சிறு குறிப்பு என்று ஒரு வரி பதிந்துவிடும். கமிட் வரலாறு என்பார்கள். ஐ.சி. அடையாள அட்டையில் உள்ளபடி, தன் பெயரும் அதன் பின் தகப்பன் பெயருமாக முழுதாகப் பதிய வேண்டும் என்பது என் உத்தரவு. அந்த அறையில் கணினியைத் தொடும் எவருக்கும் விலக்கு கிடையாது.

ஆனால் இன்று வரிகள் வேறு மாதிரி தெரிந்தன. பெயருக்கான இடம் ஒடுங்கியிருந்தது. முன்பாதி வெட்டுப்பட்டு, இரண்டு புள்ளிகளுக்குப் பின் தகப்பன் பெயர் மட்டும் நின்றது.

“நேத்துதான் காட்டுற விதத்தை மாத்தினேன்பா. இடம் பத்தல” என்றாள் துளசி, என் முகத்தைப் பார்க்காமல்.

யுகேந்திரன் சன்னலுக்கு வெளியே பார்த்தான்.

சிவநேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

..பக்கிரிசாமி. ..பக்கிரிசாமி. ..பக்கிரிசாமி.

“எங்க பாத்தாலும் உங்க பேருதான் அண்ணே. மகனா மகளான்னே தெரியலலா!”

அடுத்த வரியிலோ அதற்கடுத்த வரியிலோ அந்தத் தவறு இருக்கிறது. பக்கத்தில் என் பெயர் இருக்கும்.

விரல் நின்றது.

பூசத்துக்கு ஆறு நாள் முன்பு. குறிப்பு: ‘இரண்டு முறை வந்த பெயர்கள் நீக்கம்.’

பாகான் டாலாமில் குடம் எடுக்கப் பதிந்த ஜெயலெட்சுமிகள் மட்டும் ஐந்து பேர். ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்ற நான்கு பேரையும் அந்த நீக்கம் துடைத்திருந்தது.

அந்த வரியில் பக்கிரிசாமி இல்லை.

“..பிச்சைமுத்து” என்று வாசித்தார் சிவநேசன். “இது யாரு? புது ஆளா?”

நான் துளசியைப் பார்த்தேன்.

“அவரு இப்ப இல்ல, அங்கிள்” என்றாள் துளசி.

“ஓடிட்டானா? நல்லதாப் போச்சு. ஜெயலெட்சுமின்னா ஊருக்கே ஒருத்திதானா? மண்டையில என்னதான் இருக்கோ அவனுக்கு!”

யுகேந்திரனுக்கு இருமல் வந்தது.

வெளியாள் செய்ததற்குப் பிள்ளைகள் என்ன செய்வார்கள், அடுத்த வருடமும் அவர்களே பார்க்கட்டும் என்றார் சிவநேசன். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் படி இறங்கினார்.

மகன் இல்லை. மகளும் இல்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த நிம்மதி.

“தே ஓ போடட்டுமாப்பா?” என்றாள் துளசி, ஒன்றும் நடக்காததுபோலத் தேநீர்க் கோப்பையை எடுத்தபடி.

அந்த வரியை முழுதாக விரித்தால் அந்தப் புள்ளிகள் எந்தப் பெயரை மறைத்திருக்கின்றன என்று அந்த அறையில் மூவருக்கும் தெரியும். பிள்ளைகள் இருவருக்கும் ஒரு வாரமாகவே தெரியும்.

நான் திட்டத் திட்ட அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

கீழே சிவநேசன் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்கினேன். கடை முன் நடைபாதையான ஐந்தடியில் அவரை எட்டிப் பிடித்தேன்.

“பாகான் டாலாமுக்கு நானே வந்து மன்னிப்புக் கேக்குறேன், சிவநேசன். பிச்சைமுத்து எங்கப்பா. அவரு கம்ப்யூட்டரைப் பாத்ததே கிடையாது.”