நாலாயிரம் ரூபாய்க் கிண்ணம்

நல்லகாமன் தன் மரக்கிண்ணத்தின் முன்னால் வைத்த அட்டையைப் பார்த்ததும் ஜெயபாண்டிக்கு வயிறு எரிந்தது.

நாலாயிரம் ரூபாய்.

அதற்கு நேர் எதிரே தன் கடையில், அதே அளவு வேங்கை மரக் கிண்ணத்துக்கு ஜெயபாண்டி போட்டிருந்தது எண்ணூறு.

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் கைவினைக் கண்காட்சி. நேற்று எதிர்க் கடை காலியாகக் கிடந்தது. ஜெயபாண்டியிடம் விலை கேட்டவர்களெல்லாம், மரக்கிண்ணம் எண்ணூறா என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். இன்றும் விற்காவிட்டால் மரம் அறுக்கும் மிஷினை விற்றுவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதாக அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தான். நாளைக் காலை மிஷினை எடுத்துப்போக ஆள் வரும். குடும்பத்தில் முதன்முதலில் டிகிரி வாங்கியவன் மரத்தூளுக்குள் உட்கார்ந்திருப்பதை அப்பாவால் பார்க்க முடியவில்லை.

இந்த நேரத்தில் நல்லகாமன் வேறு நேர் எதிரே வந்து கடை போட்டிருக்கிறான்.

ஒரு காலத்தில் இருவரும் கூட்டாளிகள். கல்லூரியில் ஒரே பெஞ்ச். படித்து முடித்ததும் செல்லூரில் ஒரு சின்ன ஷெட்டில், மெல்லிய பிளேடால் மரத்தை வளைத்து அறுக்கும் ஒரே ஒரு ஸ்க்ரோல் சா மிஷினோடு தொழிலை ஆரம்பித்தார்கள். தட்டைப் பலகையைச் சாய்வாக வளையம் வளையமாக அறுத்து, அந்த வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தேய்த்தால் கிண்ணம்.

சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. அது ஓடினால் இவர்கள் மேஜையும் ஆடும். பிளேடு வரைந்த கோட்டிலிருந்து விலகி நெளியும். தறிக்காரர்கள் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து ஒருவன் அறுக்க, மற்றவன் வாசலில் நின்று, "வர்றாய்ங்கடா, சீக்கிரம்" என்று விரட்டுவான். தறி திரும்ப ஓடுவதற்குள் ஒரு வளையம் நெளியாமல் வந்துவிட்டால் அன்றைக்குப் பரோட்டா. வராத நாளிலும் பரோட்டாதான், துக்கத்துக்கு.

அவர்களைப் பிரித்தது விலை. ஜெயபாண்டி மரம், பிளேடு, பசை, உப்புத்தாள் என்று கூட்டி, மேலே கொஞ்சம் வைப்பான். நம் கூலி எங்கே என்பான் நல்லகாமன். ஏற்றினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று ஜெயபாண்டிக்குப் பயம். வாய்ச்சண்டை முற்றி, மிஷின் இவனுக்கு, செய்துவைத்த கிண்ணங்கள் அவனுக்கு என்று பிரிந்தார்கள். ஜெயபாண்டி மிஷினோடு விளாங்குடிக்குப் போனான். மூன்று வருடமாகப் பேச்சில்லை.

காலையில் முதலில் வந்த ஒரு டீச்சரம்மா நல்லகாமனிடம் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஒத்தப் பைசா குறையாதும்மா. மலிவா வேணும்னா எதிர்த்தாப்ல போங்க. அங்க சும்மா அள்ளிக் குடுக்கிறாப்ல."

ஜெயபாண்டிக்குக் காது சுட்டது.

ஆனால் அந்த அம்மா நேரே இவனிடம் வந்தார். அட்டையைப் பார்த்தார். பேரம்கூடப் பேசாமல் இரண்டு கிண்ணம் எடுத்துக்கொண்டார். "அந்தத் தம்பிக்குக் கொழுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர்களும் அங்கே முகம் சுளித்துவிட்டுத்தான் இங்கே வந்தார்கள். வந்தவர்கள் வாங்கினார்கள்.

மதியம் ஜெயபாண்டி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, எண்ணூறை அடித்துவிட்டு ஆயிரத்து இருநூறு என்று எழுதினான். வந்தவர்கள் எதிர்க் கடை அட்டையைப் பார்த்தார்கள். இவன் அட்டையைப் பார்த்தார்கள். பர்ஸைத் திறந்தார்கள்.

சாயங்காலம் ஒரே ஒரு கிண்ணம்தான் மிச்சம். அப்பாவுக்குப் போன் போட்டு, மிஷினை எடுக்க யாரும் வர வேண்டாம் என்று சொன்னான். அந்தத் தெம்பில், எதிரே ஒன்றுகூட விற்காமல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து மூன்று வருடத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"என்னங்கண்ணே, ஒண்ணும் ஓடல போல?"

நல்லகாமன் சிரித்தான்.

கடை கட்டும் நேரத்தில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். நல்லகாமனின் பெரிய கிண்ணத்தைக் காட்டி, நாலாயிரத்தை எண்ணி மேஜைமேல் வைத்தார்.

நல்லகாமன் பதறிப்போய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்க சார். இது விக்கிறதுக்கில்ல."

"விக்காத பொருளுக்கு எதுக்குய்யா விலை?" என்று திட்டிக்கொண்டே அவர் பணத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஜெயபாண்டிக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே வந்து கிண்ணத்தைப் பிடுங்கினான். "ஏன்டா, கிறுக்கா உனக்கு? கேட்ட விலையக் குடுக்குறாரு..."

பிடுங்கியதைத் திருப்பிப் பார்த்தான்.

கிண்ணத்தின் விளிம்பு லேசாக நெளிந்திருந்தது. எத்தனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் போகாத நெளிவு. தறி ஓடும்போது அறுத்த வளையம்.

அடுத்ததை எடுத்தான். அதிலும் நெளிவு. மேஜையில் இருந்த எல்லாமே செல்லூரில் இருவரும் சேர்ந்து செய்தவை. பாலிஷ் மட்டும் புதிது.

"புதுசா செஞ்சதெல்லாம் எங்கடா?"

"மிஷின் உன்கிட்டல்ல இருக்கு. நான் ஒரு பைக் ஷோரூம்ல பில் போட்டுக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு லீவு."

"அப்புறம் எதுக்கு வாடகை குடுத்துக் கடை போட்ட?"

நல்லகாமன் கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பழைய வேட்டித் துணியில் சுற்ற ஆரம்பித்தான்.

"நீ மிஷின விக்கப் போறேன்னு உங்க அக்கா சொல்லுச்சு. விலைய ஏத்துடான்னு நான் சொன்னா நீ கேக்கவா போற? எதிர்த்தாப்ல ஒருத்தன் நாலாயிரம்னு திமிரா உக்காந்தாத்தான் உனக்குக் கை வரும்."

ஜெயபாண்டி அந்த நெளிவை விரலால் தடவிக்கொண்டே நின்றான்.

"அதக் குடு மாப்ள, சுத்தணும். அடுத்த மாசம் திண்டுக்கல்ல கண்காட்சியாம். அங்க அஞ்சாயிரம்னு எழுதி வைக்கிறேன்."