பங்கர் பார்க்கப் போனவர்கள்

"காசு குடுத்துப் பங்கருக்கை போய் இருக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே?"

பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில், தான் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையின் பின்கதவடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் கலாவதி. கணவன் வரதராசா நீட்டிய இரண்டு டிக்கெட்டுகளையும் அவள் தொடவே இல்லை.

உலகப்போரில் ஜெர்மன்காரர் நோர்மண்டிக் கடற்கரையில் கட்டிய பதுங்குகுழிகளை இரவில் சுற்றிக் காட்டுகிறார்களாம். பட்டாளத்து உடுப்போடு ஆட்கள், குண்டுச் சத்தம், எல்லாம் அந்தக் காலம் போலவே இருக்குமாம்.

"சனிக்கிழமை உமக்கு லீவுதானே. ஒருக்கா வாருமன்."

"இரண்டாயிரத்து ஒன்பதிலை, வன்னிச் சண்டைக்கை, மூண்டு மாசம் பங்கருக்கை காசில்லாமலே இருந்திட்டு வந்தனான். பாரிசிலை போர்த்துக்கொண்டு படுத்திருந்த ஆளுக்குத்தான் இது புதினம்."

வரதராசா டிக்கெட்டுகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அவள் பிரான்சுக்கு வந்து ஐந்து வருடம். அவள் என்ன சொல்லிக் குத்தினாலும் பேசாமல் வாங்கிக்கொள்வான். அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சல். கடைசியில், சத்தம் கேட்டு இவன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கலாம் என்றுதான் கூடப் போனாள்.

பதுங்குகுழி வாசலில் ஹெல்மெட் போட்ட பிரெஞ்சுக்காரன் ஒருவன் விறைப்பாக நின்று வரவேற்றான்.

"சப்பாத்தைப் பாருங்கோ. முகம் பாக்கலாம்," என்றாள் கலாவதி. "சண்டையாம் சண்டை!"

உள்ளே ஆள் உயரத்துக்குக் கொங்கிறீட் சுவர். விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளக் கம்பி வேறு.

"இது பங்கரோ, கலியாண மண்டபமோ? நான் என்ரை கூறைச் சீலையைக் கிழிச்சு மண்மூட்டை தைச்சனான், தெரியுமே?"

அவன் சுவரைத் தொட்டுப் பார்த்தபடி நடந்தான்.

விளக்குகள் அணைந்தன. ஒலிபெருக்கியில் ஷெல் கூவியது. வந்திருந்த சனம் கிறீச்சிட்டபடி குந்தியது. கலாவதி மட்டும் நிமிர்ந்து நின்று சிரித்தாள்.

"கூவிற ஷெல் தாண்டிப் போற ஷெல். இதுக்கே இந்தக் கத்தல்!"

பக்கத்தில் திரும்பினாள். வரதராசாவைக் காணவில்லை. குனிந்து துழாவினாள். அவன் சீமெந்துத் தரையில் மண்டியிட்டு, சுவரடியை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தான்.

"என்ன, பயந்திட்டியளோ?"

"இல்லை." அவன் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "இவ்வளவு காலமும் கேக்கத் தைரியம் வரேல்லை, கலா. வன்னியிலை, உங்கடை பங்கருக்கை, எங்கடை பிள்ளை கடைசியா எந்தப் பக்கம் படுத்திருந்தவள்?"

அடுத்த ஷெல் கூவியபோது கலாவதி அவனருகில் குந்தினாள். பிறகு இருட்டில் அவன் கையைத் தேடிப் பிடித்து, இடப்பக்க மூலையில் கொண்டுபோய் வைத்தாள்.